பாம்புக்கடிப் பதிவேட்டை மாணவர்கள் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் துறையில் சேர விரும்பும் பிளஸ் 2 மாணவர்களிடம் பேசினால் டாக்டர், நர்ஸ் என்னும் இரண்டு சொற்களைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை, அந்தத் துறையே தனக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவின் பதிவுகளை, நோயாளிகளின் அடையாளங்களை நீக்கிவிட்டு மேல்நிலை மாணவர்கள் ஆராயத் தர வேண்டும் என்று சுகாதாரத் துறையையும் பள்ளிக் கல்வித் துறையையும் இக்கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த சம்பா அறுவடையின்போது என் மாணவி ஒருத்தியின் தந்தையைக் கண்ணாடி விரியன் தீண்டியது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல நாள் சிகிச்சைக்குப் பின் அவர் பிழைத்தார். பள்ளிக்குத் திரும்பியவள், "டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கிட்ட அக்கா என்ன படிச்சிருப்பாங்க, டீச்சர்?" என்று கேட்டாள். கணிதம் கற்பிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு, கற்பனையாக நாற்பது பாம்புக்கடி நோயாளிகளைக் கொண்ட பதிவேடு ஒன்றை எழுதி வகுப்பில் கொடுத்தேன். கடித்த நேரம், 108-ஐ அழைத்த நேரம், மருத்துவமனை சேர்ந்த நேரம், 20 நிமிட ரத்த உறைதல் சோதனையின் முடிவு, விஷமுறிவு மருந்து ஏற்றிய நேரம் ஆகியவை அதில் இருந்தன. சராசரி காண்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியவர் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸில் வந்த அவசரகால மருத்துவ உதவியாளர், சோதனைக் குழாயைப் பார்த்துக் காத்திருந்த ஆய்வக நுட்புநர், விஷமுறிவு மருந்து இருப்பில் குறையாமல் பார்த்துக்கொண்ட மருந்தாளுநர், கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தவரின் வென்டிலேட்டரைக் கவனித்தவர், இவை அனைத்தையும் தொகுத்து வைத்த மருத்துவ ஆவணப் பணியாளர் என்று ஒரே வரியில் இத்தனை பேர் இருந்தார்கள். இப்பணிகளில் பலவற்றை ஒழுங்குபடுத்த 2021-லேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருந்தும், எங்கள் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால், கற்பனைப் பதிவேட்டில் நான் இட்டதைத்தான் அவர்கள் எடுக்க முடியும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களையே கடிக்கிறது. வலி அதிகம் தெரியாததால் பலர் தாமதமாகவே மருத்துவமனைக்கு வருகிறார்கள். தங்கள் வட்டாரத்தின் உண்மையான பதிவுகளில் அந்தத் தாமதத்தைத் தாங்களே கண்டுபிடிக்கும் மாணவர்கள், அதைக் குறைக்கும் வேலையில் தங்களுக்கும் இடம் உண்டு என்று உணர்வார்கள்.

தரவுகளுக்கும் இனிக் குறைவிருக்காது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்துவிட்டதால், தனியார் மருத்துவமனைகளும் விவரம் தந்தாக வேண்டும். பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசும் செயல்திட்டம் வகுத்துள்ளது.

அந்தரங்கம் பற்றிய அச்சம் எனக்கும் உண்டு. சிற்றூரில் வயதும் தேதியும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே, ஊர்ப் பெயரை விடுத்து வட்டார அளவிலும், தேதியை விடுத்து மாத அளவிலும் மட்டுமே விவரம் தர வேண்டும். பூச்சிமருந்து குடித்தவர்களின் பதிவுகள் மாணவர்களிடம் எந்த வடிவிலும் வரக்கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆவணப் பிரிவு அலுவலர் ஒருவர் பள்ளிக்கு வந்து, பதிவேட்டை எப்படி வாசிப்பது என்று அரைநாள் விளக்கினால், எஞ்சியதைக் கணித ஆசிரியர்களே பார்த்துக்கொள்வோம்.

வரும் கல்வியாண்டில் டெல்டாவின் ஒரு மாவட்டத்திலாவது, சம்பா நடவு தொடங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.