சினிமாவில் எங்கள் மலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எடுத்த படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் காட்சி எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமெல்லாம் சரி. ஆனால் இங்கேயே வாழ்கிறவர்கள் கண்ணுக்கு அந்தப் படங்கள் எப்படித் தெரிகின்றன என்று யாராவது எழுத வேண்டாமா? நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர்.

‘மூன்றாம் பிறை’ வந்தபோது எனக்குப் பத்து வயது. அதற்கப்புறம் எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. கடைசியில் வரும் கேத்தி ஸ்டேஷன் காட்சியை எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வருகிற சாதாரணக் காட்சிகள்தான். மழை விட்ட பிறகு மத்தியானமா சாயங்காலமா என்று தெரியாமல் வாசலில் ஒரு சாம்பல் வெளிச்சம் நிற்குமே, பாலுமகேந்திரா அதைத் திருத்தாமல் அப்படியே எடுத்திருக்கிறார். கதாநாயகனும் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை, கேத்தியில் வேலை பார்க்கிற வாத்தியார். நடுவில் வரும் சில்க் ஸ்மிதா பாட்டு மட்டும் அந்தப் படத்துக்கு வேண்டாதது என்பது என் கருத்து.

‘காதல் கோட்டை’யையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் வரும் ஊட்டிப் பெண்ணுக்குப் பெரிய கவலையே சர்டிபிகேட் தொலைந்துபோனதுதான். வேலை தேடி அலைந்த எங்களுக்கு அந்தக் கவலை நன்றாகத் தெரியும்.

‘ரோஜா’வில் குன்னூரும் ஊட்டியும் காஷ்மீராக வரும். ‘உயிரே’ படத்து தைய தையா பாட்டில் ஓடுவது எங்கள் மலை ரயில், கதைப்படி அது எங்கேயோ வடகிழக்கு. பாட்டு அருமை, சந்தோஷ் சிவனின் கேமராவும் அருமை. இருந்தாலும் சொந்த ஊரை வேறு ஊர் என்று சொல்லும்போது மனசு கொஞ்சம் வாடத்தான் செய்கிறது.

கொடைக்கானல் குகைக்கு ‘குணா’ (1991) தன் பெயரையே கொடுத்துவிட்டது. இளையராஜாவின் பாட்டுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆனால் மலையைச் சரியாகக் காட்டியது 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்றுதான் சொல்வேன். சருகு மூடிய இடத்தில் காலை வைக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பள்ளத்துக்குள் விழுந்தவனைத் தேடிக் கூட்டாளி கயிறு கட்டி இறங்கும்போது நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குகை செட் போட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டிகளைப் பிள்ளைகளாக வளர்க்கிறார்கள். ரகு என்ற குட்டியை வேறு ஆட்களிடம் ஒப்படைத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறதே, அந்த இடத்தில் நான் அழுதேன். காட்டு மனிதர்களை அவர்கள் பேச்சிலேயே பேச விட்ட படம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டூயட்டில் தேயிலைத் தோட்டம் வராத வருஷம் உண்டா? கதாநாயகி ஒற்றைக் கையால் முற்றிய இலை ஒன்றைக் கிள்ளிச் சிரிப்பாள். கூடை கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போலிருக்கும். என் அம்மா பறிப்பதைப் பார்த்திருக்க வேண்டும். கூடைக் கயிறு தலையை அழுத்தும், இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி, இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு இலை, ஒரு மொட்டு. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே கூடைக்குள் ஒரு வீச்சு. விரல் நுனியில் ஏறிய கறுப்புக் கறை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது.

இந்தக் கைகளைக் கதையாக்கிய படம் என்றால் பாலாவின் ‘பரதேசி’ (2013). வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக் கதை, பி.எச்.டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலைத் தழுவியது. கடைசியில் மனைவியும் பிள்ளையும் தோட்டத்துக்குள்ளேயே வந்து சேர்வதைப் பார்த்து கதாநாயகன் கதறும்போது அம்மா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார். படத்தை மதிக்கிறேன். ஆனால் அதில் இருப்பது அடியும் அழுகையும் மட்டும்தான். லயத்தில் மாரியம்மன் திருவிழா இருந்தது, பக்கத்து வீட்டுக் கேலி இருந்தது, சண்டை போட்டுவிட்டு ராத்திரியே குழம்பு கொடுத்து அனுப்புகிற பழக்கம் இருந்தது. அதையும் எடுத்திருக்கலாம்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக அரசு இந்த மலையில் தேயிலை நட்டது. அதுதான் டேன்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் எங்கும் எங்கள் ஆட்கள் இருக்கிறோம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குளிர் தாங்கத் துணி இல்லாமல் இங்கே வந்து சேர்ந்தவர்களின் கதையை நான் பார்த்த எந்தப் படமும் சொல்லவில்லை. மலைக் கூலிகளின் கதையான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை எடுத்த லெனின் பாரதி மாதிரி ஒருவர் எங்கள் பக்கமும் வர மாட்டாரா என்று அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நினைக்கிறேன்.

இலங்கையிலிருந்து கைக்குழந்தையாக என்னைச் சுமந்து வந்தபோது அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. எந்த இயக்குநராவது கேட்டு எழுதினால் தயவுசெய்து எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.