அந்தப் பையனைக் கூப்பிடு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை.

கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி வைக்கும் கவர் பிளாக் போதவில்லை என்று ஜூனியர் பையன் கான்கிரீட்டை நிறுத்திவிட்டான், இரண்டு ரெடிமிக்ஸ் லாரி வீணானது, எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன் என்று போனில் சொன்னாயே. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

1993இல் நானும் அப்படி ஒரு பையன்தான். எம்20 கான்கிரீட். சோதனைக்கு வார்த்த கட்டை, அதுதான் கியூப், 28ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும், 15 நியூட்டனிலேயே உடைந்தது. அதற்குள் மேலே இரண்டு தளம் ஏறியாகிவிட்டது. ரிப்போர்ட்டோடு மேலாளரிடம் ஓடினேன். "இதை யாருய்யா உன்னைக் கொண்டுவரச் சொன்னது?" என்றார். சிமென்ட்டைக் கூடக் கலந்து வேறு கியூப் போட்டோம், பழைய தேதியை எழுதினோம். கையெழுத்து என்னுடையது. கட்டடம் இன்னும் நிற்கிறது. பஸ் அந்தப் பக்கம் போனால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. அதற்கப்புறம் அந்த சைட்டில் மோசமான ரிப்போர்ட் எதையும் நான் மேலே கொண்டுபோனதில்லை. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி ஹயாத் ஓட்டல் நடைபாலங்களைப் பற்றி நீ படித்திருப்பாய். 1981இல் இடிந்து விழுந்து 114 பேர் செத்துப்போனார்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்த இரண்டு பாலமும் ஒரே கம்பியில் தொங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது தொல்லை என்று இரண்டு கம்பியாக்கினார்கள். ஒரே கயிற்றில் தொங்கும் இருவரில் கீழே இருப்பவன் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவன் காலைப் பிடித்துக்கொண்ட கதைதான். மேல் பாலத்து நட்டில் பாரம் இரட்டிப்பானது. அதற்குக் கணக்கே போடாமல் வரைபடத்தில் இன்ஜினியர் முத்திரை விழுந்துவிட்டது. பின்னால் மிசௌரி மாநிலம் இரண்டு இன்ஜினியர்களின் லைசென்ஸைப் பறித்தது. அந்த வரைபடத்தை ஒருவன் நிறுத்தி வைத்திருந்தால், வேலை தாமதம் என்று அவனையும் யாராவது திட்டித்தான் இருப்பார்கள்.

கவர் பிளாக் என்பது 20 மில்லிமீட்டர் கட்டை. அதற்காக லாரியைத் திருப்பி அனுப்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்தாயா? ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகி நாலு மாதம்தான் ஆகிறது உனக்கு. சைட்டில் எல்லாரும் இப்போது உன் முகத்தைப் பார்த்துத்தான் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று முடிவுசெய்வார்கள்.

நாளைக் காலை அவனைக் கூப்பிடு. திட்டியது எல்லார் முன்னாலும் அல்லவா, இதுவும் அப்படியே நடக்கட்டும். லாரி நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்களா என்று விசாரி. பிடித்தால் எனக்குச் சொல், என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா