மான்சி நூல்களைக் கணினியில் ஏற்றப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மான்சி நூல்களைக் கணினியில் ஏற்றும் வேலை உனக்குக் கிடைத்ததில் அப்பாவுக்கு நிறைய மகிழ்ச்சி, கொஞ்சம் கவலையும்தான். மான்சி, ரஷ்யாவின் மேற்கு சைபீரியாவில் பேசும் மொழி. 2010 ரஷ்யக் கணக்கெடுப்பில் மான்சி மக்கள் 12,269 பேர். மொழி தெரியும் என்றவர்கள் 938 பேர். மான்சியின் வட்டார வழக்குகளில் தாவ்தா, பெலிம் பேச்சுகள் போன நூற்றாண்டிலேயே போய்விட்டன. கோண்டாப் பேச்சு அறிந்த கடைசி மனிதரும் 2018-இல் மறைந்தார். இன்று பேச்சில் இருப்பது சோஸ்வா, லியாப்பின், மேல் லொஸ்வா ஆற்றங்கரைகளின் வடக்கு வழக்கு. நீ விடும் பிழையைத் திருத்த ஆள் கிடைப்பது அரிது.

நெடில்தான் முதல் சிக்கல். தமிழைப் போல மான்சியிலும் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். ரஷ்ய மொழிக்கும் வழங்கும் சிரிலிக் எழுத்தில்தான் இன்று மான்சியை எழுதுகிறார்கள். அந்த எழுத்தின் தலையில் போடும் கோடு நெடிலைக் காட்டும். 1937-இல் லத்தீன் எழுத்திலிருந்து சிரிலிக்குக்கு மாறிய பிறகு வந்த பழைய பாடநூல்களில் அந்தக் கோடு இருக்காது. அங்கே நீயாகப் போட்டு நிரப்பாதே, உள்ளபடி ஏற்று.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில், மான்சியின் இகர, உகர நெடில்களுக்கு மட்டும் தனி எழுத்து உண்டு (எண்கள் 04E3, 04EF). மற்றவற்றுக்கு அடிப்படை எழுத்தின் பின் 0304 என்ற கோட்டைச் சேர்க்க வேண்டும். ஒரே சொல் இரண்டு விதமாகப் பதிவானால் தேடல் பாதியைத் தவறவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்று. ஆனால் யாராவது லத்தீன் எழுத்தின் நெடில் ஆ, ஏ, ஓ-வை அடித்திருந்தால் அது என்.எஃப்.சி.யில் சரியாகாது. பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். அதற்குத் தனி மாற்றுப் பட்டியல் வேண்டும். மூக்கொலி 'ங்' எழுத்துக்கும் 04C8, 04A3 என இரண்டு வடிவம் கலக்கும். 04C8-ஐ நிலையாக வை. "குறிகளை நீக்கு" என்ற வசதியை மட்டும் தொடவே தொடாதே. அது நெடிலோடு நிற்காது, குறுகிய 'ய்' எழுத்தின் தலைக்குறியையும் பறித்து 'இ' ஆக்கிவிடும்.

அடுத்தது இருமை. கொல் ஒரு வீடு, கொலிக் இரண்டு வீடு, கொலித் பல வீடு. 'நாம் இருவர்', 'நீங்கள் இருவர்', 'அவர்கள் இருவர்' ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். செயப்படுபொருள் குறிப்பானதாக இருந்தால், அது ஒன்றா இரண்டா பலவா என்பது வினையிலேயே தெரியும். மான்சிக்கு உறவான ஹங்கேரிய மொழியிலும் குறிப்பான செயப்படுபொருளுக்குத் தனி வினைமுடிவு உண்டு. ஆனால் இந்த எண்ணிக்கை அங்கே இல்லை. ஆகவே உன் அட்டவணையில் எண்ணுக்கு ஒருமை, பன்மை என இரண்டே கட்டம் வைத்தால் வேலை முழுதும் கெட்டுவிடும். மூன்று வை, வினைக்கு எழுவாயின் எண் ஒரு பத்தி, செயப்படுபொருளின் எண் இன்னொரு பத்தி.

நூல்களில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த ஆற்றுக்கரை, எந்த ஆண்டு, யார் எழுதியது என்று குறி. ஹங்கேரிய ஆய்வாளர் அந்தால் ரெகுலி 1843-44-இல் எழுதிவந்த கரடிப் பாட்டுகளை (கரடி விழாவில் பாடும் மான்சிப் பாட்டுகள்) விளக்கி முடிக்காமலே 1858-இல் இறந்தார். அவற்றைப் புரிந்துகொள்ள இன்னொரு ஹங்கேரிய ஆய்வாளர் பெர்னாத் முன்காச்சி 1888-இல் மான்சி மக்களிடமே போக வேண்டியிருந்தது.

மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வை. முதல் கோப்பு முடிந்ததும் எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்ற பட்டியலை அனுப்பு. ஒருமுறை மட்டுமே வந்த எழுத்துகளை முதலில் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா