கென் ஆர்தர்சனைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரக்பி லீக் (அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி வகை) செய்தி வந்தால் டிரை போட்டவர், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தவர், பெயரும் கோப்பையைத் தூக்கியவர் படமும் தவறாமல் இருக்கின்றன, சந்தோஷம்தான், ஆனால் அந்த ஆட்டத்தைக் கட்டி நடத்தியவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. சிட்னியின் கென் ஆர்தர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1950-களின் தொடக்கத்தில் மேன்லி என்ற சிட்னி அணிக்கு ஹாஃப்பேக்காக, அதாவது பந்தைப் பிரித்துக் கொடுத்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடியவர். அந்தக் காலத்தில் மேன்லி 1951 இறுதிப் போட்டிக்குப் போய் சவுத் சிட்னியிடம் 42-14 என்று அடி வாங்கியது. அப்புறம் பயிற்சியாளரானார், 1957-லும் 1959-லும் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், இரண்டு முறையும் செயின்ட் ஜார்ஜ் வென்றது. அதில் 1959-ல் 20-0, ஒரு புள்ளிகூட இல்லை! இத்தோடு போதும் என்று ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1963-ல் கிளப் செயலாளராக உட்கார்ந்தார். வொல்லொங்காங்கிலிருந்து பாப் ஃபுல்டன், இங்கிலாந்தின் காசில்ஃபோர்டிலிருந்து மால் ரைலி என்று ஆட்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1972-ல் மேன்லிக்கு முதல் சாம்பியன் பட்டம், பிறகு 1973, 1976, 1978. களத்தில் கிடைக்காததை அவர் மேசையில் உட்கார்ந்து வாங்கினார் என்றுதான் நான் சொல்வேன்.

அவர் மேல் வருத்தம் உள்ளவர்களும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மேற்கு சிட்னியின் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியிலிருந்து லெஸ் பாய்ட், ஜான் டோராஹி போன்றவர்கள் 1980-ல் மேன்லிக்குப் போனதை அந்தப் பக்கத்து ரசிகர்கள் எளிதில் மன்னிக்கவில்லை. பணம் உள்ள கிளப் இல்லாத கிளப்பின் ஆளைத் தூக்கினால் வயிறு எரியத்தானே செய்யும்.

1983-ல், சிட்னி கிளப்புகளின் போட்டியை நடத்திய நியூ சவுத் வேல்ஸ் லீக் அமைப்பின் தலைவரானார். 1988-ல் பிரிஸ்பேன், நியூகாசில், கோல்ட் கோஸ்ட் அணிகள் உள்ளே வந்து சிட்னிப் போட்டி பெரிதானது அவர் காலத்தில்தான். பிறகு 1995-ல் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட் நிறுவனம் சூப்பர் லீக் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, கோடிக்கணக்கில் பணம் காட்டி வீரர்களையும் கிளப்புகளையும் இழுத்தபோது, பழைய லீக்கின் பக்கம் நின்று நீதிமன்றம் வரை போனார். 1997-ல் ஒரே நாட்டில் இரண்டு லீக் நடந்தது, அவர் பதவியை விட்டார். ஆடி, பயிற்சி கொடுத்து, நிர்வாகமும் பார்த்த மனிதர், தன் ஆட்டம் இரண்டாக உடைந்த நேரத்தில் விலக வேண்டி வந்ததே என்று எனக்கு இன்றும் மனசு கேட்காது.

அந்த வருடப் பழைய லீக்கின் இறுதிப் போட்டியில் நியூகாசில் கடைசி நொடிகளில் டிரை போட்டு மேன்லியை 22-16 என்று வென்றது. மேன்லிக்குப் பயிற்சியாளர் ஃபுல்டன், நியூகாசிலுக்கு ரைலி. இருவருமே ஆர்தர்சன் செயலாளராக இருந்தபோது மேன்லிக்கு வந்து ஆடியவர்கள். இப்படிப்பட்ட கதைகளுக்கு வாரம் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள், அவரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்