மேல்வீட்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அக்காவுக்கும், கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் எங்களுக்குக் கைகொடுத்த மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொன்னால் "உதுக்கெல்லாம் ஆரும் நன்றி சொல்லுவினமோ" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள் அக்கா. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறோம். எழுதுவது நான். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இவரை விட்டுட்டியே, அவரை விட்டுட்டியே" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மதுரையிலிருந்து கிளம்பும்போது எங்கள் கையில் இல்லாத காகிதம் கிடையாது. பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், போலீஸ் சான்றிதழ், வங்கி இருப்பு என்று ஒரு ஃபைல் நிறைய வைத்திருந்தோம். இங்கே வீடு தேடப் போனால் அதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. வேலைக் கடிதம் இருக்கிறதா, கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். நேற்று வந்து இறங்கியவர்களுக்கு அதெல்லாம் எங்கிருந்து வரும்? ஒருவர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். இந்த ஒன்டாரியோ மாகாணத்துச் சட்டப்படி கடைசி மாத வாடகைக்காக ஒரு மாதப் பணத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு வீடு கொடுத்த நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டில சமைப்பீங்களோ?" சமைப்போம் என்றதும், கருவாடு பொரிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னீர்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம். வாடகை பேசி முடிக்கும் முன்பே தபால் பெட்டியில் எங்கள் பெயரை ஒட்டிவிட்டீர்கள். நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான பி.ஆர். கார்டு தபாலில்தான் வரும். வந்த 180 நாளுக்குள் கனடா முகவரி கொடுக்காவிட்டால் கட்டணம் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முகவரிக்கு எவ்வளவு மதிப்பு என்று அது இல்லாமல் அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

நீங்கள் மேலே இருக்க, எங்களுக்குக் கொடுத்தது தரைக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட். அதில் என் கணவர் கையைத் தூக்கினால் கூரை தட்டும். ஜன்னல் தரை மட்டத்தில் இருந்ததால் போகிறவர் வருகிறவரின் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். ஆனால் கறிவேப்பிலைக்குப் பஞ்சமே இல்லை. வெயில் காலம் முழுக்க பின்கட்டில் நிற்கும் உங்கள் தொட்டிச் செடி, குளிர் தொடங்கியதும் வரவேற்பறைக்குள் வந்துவிடும். சோபாவை நகர்த்தி அதற்கு ஜன்னலோரம் இடம் கொடுப்பீர்கள். "இலையைக் கிள்ளாதை, ஈர்க்கோட முறி, அப்பதான் துளிர்க்கும்" என்று சொல்லிக் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், ஐஸில் நடக்கப் பழக்கியது. முதல் பனிக்கு எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். பனி உருகி மறுபடி உறைந்து, தார் ரோட்டு நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். எங்கள் இருவரையும் வாசலில் நிறுத்தி, பாதத்தைத் தட்டையாக வை, சின்னச் சின்ன அடியாக எடு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்து என்று வகுப்பே எடுத்தீர்கள். "கையைப் பொக்கெற்றுக்குள்ள வைக்காதேங்கோ, விழுந்தால் ஊன்றுறதுக்குக் கை வேணும்." நாற்பது வயதை நெருங்குகிற ரெண்டு பேர் கைகளை விரித்துக்கொண்டு வாசலில் நடை பழகியதைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாங்கள் இன்றுவரை விழவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் ஒருவர் அம்மா வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் மொட்டை மாடிக்காவது போகலாம். ஒற்றை அறையில், வெளியே மைனஸ் பதினெட்டில், கோபித்துக்கொண்டு எங்கே போவது? அந்த முதல் குளிர்காலத்தில் பணத்துக்கும் வேலைக்கும் நாங்கள் போட்ட சண்டையெல்லாம் சூடு வரும் குழாய் வழியாக மேலே கேட்டிருக்கும். நீங்கள் ஒரு நாளும் என்ன ஏது என்று கேட்டதில்லை. மறுநாள் படிக்கட்டில் நின்று, "ரெண்டு பேரும் மேல வாங்கோ, தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன்" என்று மட்டும் கூப்பிடுவீர்கள். ரெண்டு பேரும் என்பதில் ஒரு அழுத்தம் இருக்கும். போய் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது.

அப்படி ஒரு தேத்தண்ணி நேரத்தில்தான் 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதியைப் பற்றிச் சொன்னீர்கள். கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை, மீன்பிடிக்கப் போன கேப்டன் கஸ் டால்டன் கண்டு கரை சேர்த்த கதை. நீங்கள் விமானத்தில் வந்தவர்தான், அந்தப் படகில் உங்கள் உறவினர் யாரும் இல்லை. இருந்தாலும், "அந்த மனுசனுக்கு நாங்கள் இன்னும் நன்றி சொல்லி முடிக்கேல்லை" என்றீர்கள். நீங்கள் வந்த புதிதில் இரண்டு அறையில் ஏழு பேர் இருந்ததையும், இரவில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டுப் பகலில் ஆங்கில வகுப்புக்குப் போனதையும் அன்றுதான் சொன்னீர்கள். கையில் ஃபைலும் காசும் வைத்துக்கொண்டு புலம்பிய எங்களுக்கு அதன் பிறகு புலம்பக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

சரி, மற்றவர்கள்.

சீடர்பிரே நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கென்றே உட்கார்ந்திருந்த அம்மையாருக்கு நன்றி. ஓஹிப் என்ற ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பித் தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்ட இருந்தோம். அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சிலேயே போய்விட்டது என்று சொல்லி, படிவத்தையும் கையில் கொடுத்தார். இலவச வருமான வரி முகாமில் என்னைத் தன்னார்வலராகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அடுத்தவர் கணக்கைப் போட்டுக் கொடுத்துப் பழகியதுதான், இப்போது ஒரு கணக்கர் அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் தருகிறது.

ஊரில் பாலம் கட்டும் வேலைகளை மேற்பார்த்த என் கணவருக்கு இங்கே முதலில் கிடைத்தது வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட். பஸ் அரிதாக ஓடும் அந்த அகால நேரத்தில் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்ட ஜமைக்காப் பெரியவரை எப்படி மறப்போம்? பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் முறைப்பார். எலுமிச்சை சாத டப்பாவை மட்டும் வாங்கிக்கொள்வார். டப்பா சும்மா திரும்பி வந்ததில்லை, உள்ளே அவர் மனைவி பொரித்த வாழைப்பழம் இருக்கும்.

என் கணவருடைய பயோடேட்டாவைத் திருத்திய ஓய்வுபெற்ற என்ஜினியர் ஐயாவுக்குத் தனி வணக்கம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா என்பது எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தார், முதல் பக்கத்தில் பாதி போய்விட்டது. என்ஜினியர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோவில் 2023 மே மாதம் எடுத்துவிட்டார்கள் என்பதையும், உரிமம் வேறு, வேலை கிடைப்பது வேறு என்பதையும் ஒரே மூச்சில் சொன்னவர் அவர். இரண்டுமே உண்மைதான் என்று பின்னால் தெரிந்தது. இப்போது என் கணவர் பழைய பாலங்களைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறார்.

ஹாரன் இல்லாமலும் வண்டி ஓட்டலாம் என்று பொறுமையாக நிரூபித்த டிரைவிங் அண்ணருக்கும், ஓடி வருகிறவளைக் கண்ணாடியில் பார்த்துக் கதவை மூடாமல் காத்திருந்த 54-ஆம் நம்பர் பஸ் ஓட்டுநர்களுக்கும், வெயில் காலத்தில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பேசும் மதுரை அம்மாவுக்கும் நன்றி.

போன வாரம் நாங்கள் எட்டாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிமாறிவிட்டோம். அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு நிறுத்தம்தான். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிறோம், எல்லோரும் வந்துவிடுங்கள். விருந்தினர் பார்க்கிங்கில் மூன்று வண்டிக்குத்தான் இடம் இருக்கிறது, அதில் ஒன்று ஜமைக்கா ஐயாவுக்கு. அக்கா, நீங்கள் கையில் ஒன்றும் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை மட்டும் ஒரு கொத்து.