நான்கு ஷொக்கும் மாற்றியும் ஜீப்பின் துள்ளலும் உதறலும் தீராமை பற்றிய புகார்

சேவை முகாமையாளர்,
வாகன சேவை நிலையம்,
கொழும்பு.

ஐயா,

கடந்த மாதம் 14ஆம் திகதி உங்கள் நிலையத்தில் ஒப்படைத்த ஏழு இருக்கை ஜீப்பின் ஜொப் கார்டில் மூன்று குறைகள் எழுதப்பட்டிருந்தன. வேகத்தடை தாண்டியபின் பின்புறம் துள்ளுகிறது. 80 முதல் 95 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. ஓடும் ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்கு மாறும்போது வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் ஆடுகிறது. மூன்றுக்கும் சேர்த்து நீங்கள் செய்தது ஒரே வேலை: ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோர்பர் நான்கு மாற்றம், சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் நாலு சில்லு அலைன்மென்ட். பற்றுச்சீட்டு 214,500 ரூபா. உதறலும் ஆட்டமும் இம்மியும் குறையவில்லை. துள்ளல் மட்டும் வேறு வடிவம் எடுத்திருக்கிறது.

துள்ளல் வேறு, உதறல் வேறு. ஸ்பிரிங்கின் மேல் உடல் ஏறி இறங்குவது நொடிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை, வாயால் எண்ணலாம். இந்த வண்டியின் டயர் 265/65 ஆர் 17. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் ஓடும். 90 கி.மீ. வேகத்தில் சில்லு நொடிக்குப் பத்துத் தடவை சுற்றுகிறது. ஸ்டியரிங்கில் வரும் நடுக்கமும் அதே வேகம், எண்ண முடியாதது. அது சில்லோடு சுற்றும் ஒரு பிழை. அதை ஷொக் மாற்றித் தீர்க்க முடியாது. கொட்டாவையிலிருந்து கஹதுடுவை வரை அதிவேகப் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஜொப் கார்டில் ஓட்டிப் பார்த்ததற்கான கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

வேறொரு கராஜில் அளந்து பார்த்தவை இவை.

உதறலுக்குக் காரணம் முன் இடது டயர். உங்கள் பலன்ஸ் இயந்திரம் அதற்குப் பூச்சியம் காட்டியிருக்கலாம். ஆனால் எடை சமமாக இருப்பதும் டயர் வட்டமாக இருப்பதும் ஒன்றல்ல. சில்லை உயர்த்தி, மேடு பள்ளத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்றினால், வீதியில் படும் ஓடுதளம் ஓரிடத்தில் 2.3 மி.மீ. மேலெழுகிறது. 1.5 மி.மீ. தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். உள்ளே கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து விலகத் தொடங்கியிருக்கிறது; அந்த இடத்தில் கையை ஓட்டினால் வீக்கம் தட்டுப்படும். டயல் கேஜ் கூட வேண்டாம், ஸ்டாண்டில் ஒரு சோக்குத் துண்டைக் கட்டி டயருக்கு அருகே பிடித்தாலே போதும், எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்தச் சில்லைப் பின்னுக்கு மாற்றியதும் நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு வந்துவிட்டது. இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பக்கவாட்டு ஆட்டத்துக்குக் காரணம் பின் அச்சைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, குறுக்காகப் பிணைக்கும் லேட்டரல் ரொட். அதன் சேசிஸ் பக்க புஷ், அதாவது முனையிலுள்ள ரப்பர் வளையம், கிழிந்திருக்கிறது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் உடலை இடமும் வலமும் தள்ள, மற்றவர் கீழே படுத்து ரொட்டின் இரு முனையையும் பார்த்தால் ஒரு நிமிட வேலை. அதற்குப் பதிலாக நாலு சில்லு அலைன்மென்ட் செய்து கட்டணம் எடுத்திருக்கிறீர்கள். இந்த வண்டியின் பின் அச்சு ஒரே குழல். அதில் திருப்பிச் சரிசெய்ய ஒரு போல்ட்டும் இல்லை. நீங்கள் தந்த அறிக்கையிலேயே பின்புற எண்கள் வேலைக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே அச்சாகியிருக்கின்றன.

துள்ளல் விடயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பின் வலது ஷொக்கில் எண்ணெய் வடிந்தது உண்மை. சோடியாக மாற்றியதும் சரி. ஆனால் முன் ஷொக் இரண்டிலும் இருந்தது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டுமே. தூசி ஒட்டிய ஈரம் கசிவல்ல, வடிந்தால்தான் கசிவு. டிக்கியில் திருப்பி வைத்த பழையவற்றை நிமிர்த்திப் பிடித்து அழுத்தி இழுத்தால், தொடக்கம் முதல் முடிவுவரை எங்கும் தொய்யாமல் ஒரே சீராக எதிர்க்கின்றன. நல்ல சாமானைக் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

புதியவற்றைப் பூட்டிய விதம் அதைவிட மோசம். வண்டி ஹொயிஸ்டில் தொங்கும்போதே முன் சில்லைச் சேசிஸோடு பிணைக்கும் லோவர் ஆர்ம் போல்ட்டுகளையும் பின் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டுகளையும் முழுதாக இறுக்கியிருக்கிறார்கள். புஷ்ஷின் ரப்பர், நடுவிலுள்ள இரும்புக் குழலோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். தானும் ஒரு ஸ்பிரிங்காகி வண்டியை மேலே தள்ளும், சில மாதங்களில் கிழியும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்தால் முன் இடது பக்கம் வலதைவிட 12 மி.மீ. உயரம். போல்ட்டைக் கைப்பிடியாக மட்டும் பூட்டி, சில்லு தரையில் நிற்க, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, பிறகே இறுக்க வேண்டும் என்பது புது மெக்கானிக் பாஸ்மாருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

இதோடு டயர்க் காற்று. சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாள் 29 பி.எஸ்.ஐ. என்கிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் நான்கிலும் 42 இருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட 44 அது தாங்கும் உச்சம். அடிக்க வேண்டிய அளவல்ல. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதற்கென்று தனி ஷொக் கிடையாது. அதனால்தான் முன்பு வேகத்தடையில் மட்டும் மெதுவாக மூன்று தடவை ஆடிய வண்டி, இப்போது காலி வீதியில் சிறு ஒட்டுத் தாருக்கும் பந்துபோல் எகிறுகிறது. 29க்கு இறக்கியதும் பாதி குறைந்தது. மீதி அந்த முறுக்கிய புஷ்கள்.

நான் கேட்பது இவ்வளவே. முன் ஷொக் இரண்டின் விலை 97,000, அவற்றுக்கான பூட்டுகூலி 7,000, முன் சில்லுக்கு மட்டுமான கட்டணத்துக்கு மேல் எடுத்த அலைன்மென்ட் தொகை 2,500, ஆக 106,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். புதிய முன் ஷொக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழையவற்றைப் பூட்டித் தாருங்கள். எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தி, வண்டி தன் எடையில் நிற்க, கைப்புத்தகத்திலுள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் கொண்டு கூலியின்றி இறுக்க வேண்டும். லேட்டரல் ரொட் புஷ்ஷுக்கும் புது டயருக்கும் நான் பணம் தருவேன். அது உங்கள் பிழையல்ல. பற்றுச்சீட்டில் “ஷொக் 4” என்று மட்டும் இருக்கிறது. பின் ஷொக்குகளின் பாக இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தாருங்கள்.

பற்றுச்சீட்டு, அலைன்மென்ட் அறிக்கை, டயல் கேஜ் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

இங்ஙனம்,
வாகன உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பி.கு.: வீங்கிய டயரைக் கழற்றி ஸ்பெயார் சில்லைப் பூட்டியிருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை அதை வெட்டவோ விற்கவோ மாட்டேன்.