கரையை உயர்த்தச் சொல்லும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வங்கதேசத்துக் கடலோரத்தைக் காப்பாற்ற, அங்குள்ள மண்கரைகளை இன்னும் உயர்த்தினால் போதும் என்று எழுதியிருந்தாய். கட்டடப் பொறியியல் படிக்கிறவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் தண்ணீரைக் கணக்கில் எடுத்த நீ வண்டலை விட்டுவிட்டாய்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டல் கொண்டுவருகின்றன. பெரும்பகுதி இமயமலை கரைந்து வருவது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்ததில், திப்ருகர் அருகே பிரம்மபுத்திராவின் அடிமட்டமே உயர்ந்துவிட்டது.

இந்த வண்டல் வந்து சேரும் வங்காளப் படுகையின் ஆழமான இடங்களில் படிவுகளின் கனம் 16 கிலோமீட்டரைத் தாண்டும். கடலின் ஆழமே நான்கைந்து கிலோமீட்டர்தானே, இவ்வளவும் எப்படி அடங்கியது என்று கேட்பாய். படிகிற வண்டலின் பாரம் அடியிலுள்ள புவியோட்டை அழுத்தி இறக்குகிறது. இறங்கிய அளவுக்கு மேலே இடம் பிறக்கிறது. புதுச்சேறும் நீர் வடிந்து இறுகித் தாழ்கிறது. ஆகவே டெல்டாவின் தரை ஓயாமல் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மலையிலிருந்து வருவது அதற்கு ஈடுகொடுக்கும்வரை கடலோரம் நிலைக்கும். மிஞ்சினால் நிலம் கடலுக்குள் நீளும். குறைந்தால் கடல் உள்ளே வரும்.

மிஞ்சுவதும் கொஞ்சமல்ல. கடலடிப் பள்ளத்தாக்கு வழியே வழிந்து, சுமார் 3,000 கிலோமீட்டர் நீள விசிறியாக வங்கக் கடலின் தரையில் பரந்து கிடக்கிறது. 2015இல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்ற ஆழ்கடல் ஆய்வுக் கப்பல் 8 பாகை வடக்கில், மட்டக்களப்புக்குச் சில நூறு கிலோமீட்டர் கிழக்கே துளையிட்டபோது, அங்கே மேலே வந்ததும் இமயமலையின் மணலும் சேறும்தான்!

இப்போது உன் கரைகளுக்கு வருகிறேன். 1960களில் தென்மேற்கு வங்கதேசத்தின் தாழ்நிலங்களைச் சுற்றிக் கரை கட்டினார்கள். உப்புநீர் உள்ளே வருவது நின்றது, நெல் விளைந்தது. அதோடு வண்டல் வருவதும் நின்றுபோனது. 2009இல் அய்லா புயல் ‘போல்டர் 32’ என்ற, கரை சூழ்ந்த தீவின் கரைகளை உடைத்தது. அதற்குள் உள்நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பக்கத்திலேயே கரையில்லாத சுந்தரவனம் ஏறக்குறைய பழைய உயரத்தில் இருந்தது. உடைப்பை அடைக்க இரண்டு ஆண்டு வரை பிடித்த இடங்களில், ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், தினமும் ஏறி இறங்கிப் பல பத்து சென்டிமீட்டர் சேற்றைப் போட்டுவிட்டுப் போனது. ஊரை மூழ்கடித்த அதே தண்ணீர்தான்.

இதை அப்பகுதி மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1997இல் ஜெசூர் பகுதியின் பில் பைனா என்ற தாழ்நிலத்தில் கரையைத் தாங்களே வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். நிலம் மேடானது, தூர்ந்த ஆறும் ஆழமானது. அரசும் பிறகு அதை ஒரு முறையாக ஏற்றுக்கொண்டது. என் பார்வையில், உன் வரைபடத்தைவிட அந்த மண்வெட்டியில் புவியியல் அதிகம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. நிலம் மேடாகும் ஆண்டுகளில் அதன் சொந்தக்காரன் எதை விதைப்பான்? இழப்பீடு சரியாகக் கைக்கு வராததால்தான் பல இடங்களில் தகராறு. அடுத்த கடிதத்தில் கரையின் உயரத்தை எழுதாதே. எந்த இடத்தில் வெட்டுவாய், எத்தனை ஆண்டு திறந்து வைப்பாய், அதுவரை அவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்